நாற்பதடி தள்ளி

மார்ச் 2
கப்பல், இயந்திர அறை

மரியாதைக்குரிய வார்டு சிஸ்டர் அவர்களுக்கு,

உங்களை எனக்குத் தெரியாது. என் வாப்பாவை உங்களுக்குத் தெரியும். தனிமை வார்டில் ஆறாம் எண் கட்டிலில் இருக்கிறார். பள்ளிவாசலில் முப்பத்தெட்டு வருஷம் பாங்கு சொன்ன மோதினார். நுரையீரல் இரண்டும் கெட்டுவிட்டது, இனி வாரக் கணக்குதான் என்று உங்கள் டாக்டர் என் கம்பெனிக்கு எழுதியிருக்கிறார். நான் சரக்குக் கப்பலில் இயந்திரங்களுக்கு எண்ணெய் போடுகிறவன். ஒப்பந்தம் முடிய ஜூலை ஆகும். நடுக்கடலில் இறங்கி நடந்து வர வழியில்லை. கூடப் பிறந்தவர்கள் கிடையாது. உம்மா போய்ச் சேர்ந்து ஒன்பது வருஷம். வாப்பாவுக்கு ஒரு காது முழுசாகவும் இன்னொன்று பாதியும் கேட்காது, போனில் கத்தினால் ‘யாரு?’ என்று மட்டும் கேட்கிறார். உங்கள் வார்டுக்குள் வெளியாட்களை விடுவதில்லை, கண்ணாடிக்கு வெளியே நின்று பார்த்துவிட்டு வந்தேன் என்று இமாம் எழுதினார். ஆகவே உங்களிடம் கேட்கிறேன்.

எங்களில் ஒருவர் உயிர் பிரியும் நேரத்தில், பக்கத்தில் இருப்பவர் கலிமாவைச் சொல்லிக்கொடுப்பார். அதை இத்துடன் உள்ள தாளில் தமிழ் எழுத்தில் பெரிதாக எழுதியிருக்கிறேன்: லா இலாஹ இல்லல்லாஹ். அல்லாஹ்வைத் தவிர வேறு இறைவன் இல்லை என்று அர்த்தம். நேரம் நெருங்கிவிட்டது என்று உங்களுக்குத் தெரியும்போது அவருடைய இடது காதுப் பக்கம் (அதுதான் கேட்கும் காது) மெதுவாக ஒரு தடவை சொல்லுங்கள். ‘சொல்லுங்க, சொல்லுங்க’ என்று வற்புறுத்த வேண்டாம். அந்த நேரத்து எரிச்சலில் மாட்டேன் என்று சொல்லிவிட்டால் வம்பு. அவர் திருப்பிச் சொல்லிவிட்டால் அதோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

கூட ஒரு சீட்டு இருக்கிறது. அதை இமாமிடம் சேர்த்துவிடுங்கள். என் வாப்பாவுக்கு இன்னொரு வேலையும் உண்டு. யாரையாவது அடக்கம் செய்தபின் எல்லோரும் திரும்பிவிடுவார்கள், இவர் மட்டும் கப்ரின் தலைமாட்டில் உட்கார்ந்து மண்ணுக்குள் இருப்பவருக்குச் சொல்லிக்கொடுப்பார்: மலக்குகள், அதாவது வானவர்கள், வந்து கேள்வி கேட்பார்கள், இப்படிப் பதில் சொல் என்று. அதற்கு தல்கீன் என்று பெயர். எனக்கு அதில் உடன்பாடில்லை. சீட்டில் எழுதியிருப்பது இதுதான்: ‘உயிர் இருக்கும்போது சொல்லித்தருவதற்கு ஆதாரம் இருக்கிறது. மண்ணுக்குள் போனபின் சொல்வதற்கு உறுதியான ஆதாரம் இல்லை. என் தகப்பனார் கப்ரில் யாரும் உட்கார்ந்து தல்கீன் சொல்லக் கூடாது. இது மகனுடைய முடிவு.’

தொந்தரவுக்கு மன்னிக்கவும்.

ஆறாம் கட்டில்காரரின் மகன்


மார்ச் 11
தனிமை வார்டு, இரண்டாம் மாடி

தம்பிக்கு,

உங்கள் உறை ஒன்பதாம் தேதி வந்தது. ‘தம்பி’ என்று எழுதுவது எனக்கு ஐம்பத்தாறு வயதாகிவிட்ட உரிமையில்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். என் வார்டில் நோயாளிக்குத் தெரியாமல் நோயாளியைப் பற்றிய காகிதம் நடமாடக் கூடாது. டாக்டர்களிடமே அதற்காகச் சண்டை போட்டிருக்கிறேன். ஆகவே உங்கள் கடிதத்தையும் தாளையும் சீட்டையும் அன்றைக்கே அவருக்குப் படித்துக் காட்டினேன், காதருகே, ஒரு வரி விடாமல். சீட்டைக் கேட்டதும் சிரித்தார். சிரிப்பு இருமலாகி, ஆக்ஸிஜனைக் கூட்ட வேண்டி வந்தது. “வக்கீலுக்குப் படிக்க வேண்டிய பய, எண்ணெ ஊத்தப் போயிட்டான்” என்றார். ஒரு வரியை மட்டும் இன்னொரு தடவை படிக்கச் சொன்னார், படித்தேன். பிறகு, “அப்படியே இமாம்கிட்ட குடுத்துடுங்க சிஸ்டர். மகன் சொன்னா சொன்னதுதான்” என்றார். கொடுத்துவிட்டேன்.

நான் உங்கள் மார்க்கத்தைச் சேர்ந்தவள் இல்லை, நான் சொன்னால் செல்லுமா என்று அவரிடமே கேட்டேன். “அலாரம் அடிக்குற கடிகாரம் முதல்ல தொழுதுட்டா நம்மள எழுப்புது?” என்றார். அந்தக் கவலை அத்தோடு தீர்ந்தது.

தாளை வைத்துக்கொண்டு அவர் முன்னாலேயே சொல்லிப் பார்த்தேன். கடைசி ‘ஹ்’ஐ விழுங்கிவிடுகிறேனாம். “முகமூடிக்குள்ள இருந்து அவ்வளவுதான் வரும்” என்றேன். “உங்க மூச்சு போகப்போறது இல்லையே, கொஞ்சம் தாராளமா விடுங்க” என்றார். இந்த மாதிரி ஆளைப் பார்த்துக்கொள்வதில் எனக்குச் சிரமம் ஒன்றும் இல்லை.

எங்கள் வார்டில் ஒவ்வொரு ஷிப்டிலும் நோயாளியிடம் மூன்று கேள்வி கேட்போம். பேர் என்ன, எங்கே இருக்கிறீர்கள், இன்றைக்கு என்ன கிழமை. நினைவு தெளிவாக இருக்கிறதா என்று பார்க்கத்தான். உங்கள் வாப்பாவுக்கு இது பெரிய வேடிக்கை. “அங்கயும் மூணு கேள்விதான் சிஸ்டர். உன் ரப்பு, அதான் உன்னைப் படைச்சவன், யாரு, உன் மார்க்கம் என்ன, உன் நபி யாரு. நீங்க ஒத்திகை பாக்குறீங்க” என்கிறார். கிழமை கேட்டால் மட்டும் ஒழுங்காகப் பதில் வராது. “நீங்க லீவு போடாத கிழமை” என்பார். நான் லீவே போடுவதில்லை என்பது அவருக்குத் தெரியும்.

நேற்றிலிருந்து மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு கூரையைப் பார்த்துக்கொண்டு ஏதோ முணுமுணுக்கிறார். காய்ச்சல் பேச்சாக இருக்கும். பயப்பட வேண்டாம். இங்கே ஒரு பஸ் கண்டக்டர் மூன்று நாள் ஸ்டாப் பெயர் சொல்லி டிக்கெட் கிழித்தார். அவரவர் தொழில் அவரவர் வாயில் வரும்.

வார்டு சிஸ்டர்


மார்ச் 20
துறைமுகத்துக்கு வெளியே, நங்கூரத்தில்

சிஸ்டர் அவர்களுக்கு,

உங்கள் கடிதம் இன்று காலை ஏஜெண்ட் கையிலிருந்து கிடைத்தது. சீட்டை வாப்பாவுக்குப் படித்துக் காட்டுவீர்கள் என்று நான் எதிர்பார்க்கவில்லை. சரி, படித்தாகிவிட்டது.

மூன்று கேள்வி என்று எழுதியிருந்ததைப் படித்ததும்தான் எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. முதல் கடிதத்தில் பாதியைத்தான் எழுதியிருக்கிறேன். மிச்சம் இது: அவர் கலிமாவைத் திருப்பிச் சொன்னபின் யாரும் அவரிடம் எதுவும் கேட்கக் கூடாது. தண்ணீர் வேண்டுமா என்றுகூடக் கேட்கக் கூடாது. அவராக வேறு ஏதாவது பேசிவிட்டால், மறுபடி ஒரு தடவை கலிமாவைச் சொல்லிக்கொடுக்க வேண்டும். கடைசிச் சொல் அதுவாக இருக்க வேண்டும். கடைசிச் சொல் கலிமாவாக இருப்பவருக்குச் சொர்க்கம் என்பது எங்கள் நம்பிக்கை. இதில் எனக்கும் வாப்பாவுக்கும் கருத்து வேறுபாடு கிடையாது.

இதை இப்போதே ஏஜெண்டிடம் கொடுத்தனுப்புகிறேன். கிடைத்ததும் ஒரு வரி எழுதுங்கள்.

மகன்


மார்ச் 24
தனிமை வார்டு

தம்பி,

கம்பெனி மூலமாகச் செய்தி வந்திருக்கும். இருந்தாலும் நான் எழுத வேண்டியதை எழுதுகிறேன்.

22ஆம் தேதி மதியம் மூன்றரைக்கு மூச்சின் கணக்கு மாறியது. நான் கட்டிலின் இடது பக்கம் போய் உட்கார்ந்தேன். 4.10க்கு நீங்கள் எழுதியதைச் சொன்னேன், ‘ஹ்’ஐ விழுங்காமல். உதடு அசைந்தது. நான் காதை அருகில் கொண்டுபோனேன். முழுசாகச் சொன்னார். கண்ணாடிக்கு வெளியே நின்ற இமாமும் உதட்டைப் பார்த்துவிட்டுத் தலையாட்டினார். 4.25க்கு மூச்சு நின்றது. வேதனை இல்லை. இதை ஆறுதலுக்காகச் சொல்லவில்லை, முப்பது வருஷம் பார்த்த கண்ணால் சொல்கிறேன்.

அடுத்த நாள் காலையில் அடக்கம். ஒரு மணிநேரம் அனுமதி வாங்கிக்கொண்டு மையவாடி வாசல் வரை போனேன். உங்கள் சீட்டின்படியே நடந்தது. யாரும் தலைமாட்டில் உட்காரவில்லை. எல்லோரும் ஒன்றாகத் திரும்பி வந்தார்கள். ஒரு கிழவர் மட்டும் இரண்டு தடவை திரும்பிப் பார்த்தார்.

அவருடைய தொப்பி, மூக்குக்கண்ணாடி, தஸ்பீஹ் மணி மூன்றும் கிருமி நீக்கி என் அலமாரியில் இருக்கின்றன.

வார்டு சிஸ்டர்


ஏப்ரல் 14
கப்பல்

சிஸ்டர் அவர்களுக்கு,

உங்கள் கடிதத்தை மூன்று வாரம் கழித்துத்தான் படித்தேன். இயந்திர அறைச் சத்தத்தில் அழுதால் யாருக்கும் கேட்காது, அது ஒரு வசதி.

நீங்கள் செய்த உதவிக்கு என்ன கைம்மாறு செய்வது என்று தெரியவில்லை. ஆறு வருஷமாக நானும் வாப்பாவும் சாப்பாடு, மழை, உடம்பு இதைத் தவிர வேறு பேசியதில்லை. அதற்கு ஒரு காரணம் இருக்கிறது, அது எதற்கு இப்போது. ஒரே ஒரு ஆறுதல், அவர் அந்தச் சொல்லோடு போனார் என்பது. இந்தச் செய்தி மட்டும் வராமல் போயிருந்தால் நான் என்ன ஆகியிருப்பேன் என்று தெரியாது. இப்போது தூங்குகிறேன்.

ஒரு உதவி. இறப்பு விடுப்பு தர, மருத்துவமனைக் குறிப்பின் நகல் வேண்டும் என்று கம்பெனி கேட்கிறது. கடைசி நாளின் பக்கம் போதுமாம்.

மகன்


ஏப்ரல் 29
தனிமை வார்டு

தம்பி,

நகல் இத்துடன் இருக்கிறது. முத்திரை போட்டிருக்கிறேன்.

மார்ச் 20 தேதியிட்ட உங்கள் கடிதம் 29ஆம் தேதிதான் என் கைக்கு வந்தது. கிடைத்ததும் எழுதச் சொல்லியிருந்தீர்கள். இப்போதுதான் எழுதுகிறேன். படித்தேன்.

வார்டு சிஸ்டர்


மே 16
கப்பல்

சிஸ்டர் அவர்களுக்கு,

நகலைக் கம்பெனிக்குக் கொடுக்கும் முன் படித்துப் பார்த்தேன். உங்கள் கையெழுத்து நன்றாகப் புரிகிறது. ‘4.10: சொல்லிக்கொடுத்ததைத் திருப்பிச் சொன்னார்.’ அதற்குக் கீழே, ‘4.15: மூன்று கேள்வியில் ஒன்றுக்குச் சரியான பதில்.’ அதற்குக் கீழே, ‘4.25.’

4.15க்கு என்ன கேட்டீர்கள்? என்ன சொன்னார்? அதற்குப் பிறகு யாராவது கலிமாவை மறுபடி சொல்லிக்கொடுத்தார்களா?

மகன்


ஜூன் 1
தனிமை வார்டு

தம்பி,

உங்கள் மூன்று கேள்விக்கும் வரிசையாகப் பதில்.

அவர் அந்தச் சொல்லைச் சொன்னதும் கண்ணைத் திறந்தார். கண் திறந்தால், நிலை மாறினால், நர்ஸ் மூன்று கேள்வி கேட்க வேண்டும். கேட்டேன். கேட்க வேண்டும் என்று நினைத்துக் கேட்கவில்லை, வாய் தானாகக் கேட்டது. தொட்டில் பழக்கம் சுடுகாடு மட்டும் என்பார்கள். உங்களுக்குச் சுடுகாடு இல்லை, மன்னிக்கவும். பேர் கேட்டேன், பதில் இல்லை. எங்கே இருக்கிறீர்கள் என்றேன், பதில் இல்லை. என்ன கிழமை என்றேன். என்னைப் பார்த்தார். “நீங்க லீவு போடாத கிழமை” என்றார். தெளிவாகச் சொன்னார். அன்றைக்கு ஞாயிறு, எனக்கு ஓய்வு நாள். அவர் நிலைமை தெரிந்து வந்திருந்தேன். ஆகவே பதில் சரி என்று குறித்தேன். எனக்குச் சந்தோஷமாகக்கூட இருந்தது.

பிறகு அவர் ஏதும் பேசவில்லை. நானும் மறுபடி சொல்லிக்கொடுக்கவில்லை. ‘திருப்பிச் சொல்லிவிட்டால் நிறுத்திக்கொள்ளுங்கள்’ என்று உங்கள் முதல் கடிதத்தில் இருந்தது, நிறுத்திக்கொண்டேன். நடுவில் பேசிவிட்டால் மறுபடி சொல்ல வேண்டும் என்பது அதில் இல்லை. அது இருந்த கடிதம் அவர் அடக்கமாகி ஆறு நாள் கழித்து வந்தது. உறையையும் அனுப்புகிறேன், முத்திரையில் தேதி இருக்கிறது. பழியைத் தள்ளிவிட அனுப்பவில்லை. நீங்களே பார்த்துக்கொள்வது நல்லது.

கண்ணாடிக்கு வெளியே இருந்த இமாம் உதட்டை மட்டும் பார்த்தார். இரண்டாவது பேச்சையும் கலிமா என்றே நினைத்துக்கொண்டார். நான் அவரைத் திருத்தவில்லை. மார்ச் 24இல் உங்களுக்கு எழுதும்போது அந்தப் பேச்சு ஒரு பொருட்டாகவே எனக்குத் தோன்றவில்லை. 29ஆம் தேதி உங்கள் கடிதத்தைப் படித்த பிறகு தோன்றியது. அதன்பின் இரண்டு மாதம் சொல்லாமல் இருந்தது தப்பு. அதற்கு எனக்குச் சாக்கு இல்லை.

முப்பது வருஷத்தில் மருந்து மாற்றிக் கொடுத்ததில்லை, அளவு தப்பியதில்லை. இதில் தப்பிவிட்டேன். மன்னித்துவிடுங்கள்.

வார்டு சிஸ்டர்


ஜூன் 20
கப்பல்

சிஸ்டர் அவர்களுக்கு,

இதற்கு முன் மூன்று கடிதம் எழுதிக் கிழித்தேன். கைக்கு எட்டியது வாய்க்கு எட்டவில்லை என்பார்கள். இங்கே வாய்க்கே எட்டிவிட்டது, அதற்குமேல் நீங்கள் தட்டிவிட்டீர்கள். முப்பத்தெட்டு வருஷம் ஒரு நாளைக்கு ஐந்து வேளை அந்தச் சொல்லை ஊருக்கே கேட்கும்படி சொன்ன மனிதர் ‘லீவு’ என்ற பேச்சோடு போயிருக்கிறார். கிழித்த கடிதங்களில் இதைவிட மோசமாக எழுதியிருந்தேன்.

உறை முத்திரையைப் பார்த்தேன். பாதி விதியை எழுதி அனுப்பியவன் நான். ஒரு வால்வைத் திற என்று சொல்லிவிட்டு, எப்போது மூட வேண்டும் என்று சொல்லாமல் போகிறவனை இங்கே வேலையை விட்டே துரத்திவிடுவார்கள்.

ஆறு வருஷத்துக் காரணத்தை இப்போது எழுதுகிறேன். விடுப்பில் வந்திருந்தேன். எங்கள் தெருப் பாத்திரக்கடைக்காரர் இறந்துபோனார். அடக்கம் முடிந்தது. எங்கள் வழக்கப்படி எல்லோரும் நாற்பதடி தள்ளிப் போனோம், வாப்பா மட்டும் தலைமாட்டில் உட்கார்ந்தார். நான் கொஞ்சம் புத்தகங்கள் படித்திருந்த நேரம். எல்லோரும் பார்க்கத் திரும்பிப் போய், “எழுந்திரிங்க வாப்பா. மண்ணுகிட்ட என்ன பேச்சு?” என்றேன். அவர் பாதியில் நிறுத்தினார். முழங்காலில் ஒட்டிய மண்ணைத் தட்டிக்கொண்டு எழுந்து என்னோடு வந்தார். அவர் என்னைத் திட்டியிருந்தால் இந்த ஆறு வருஷம் இப்படிப் போயிருக்காது.

என் கருத்து மாறவில்லை. மாறிவிட்டது என்று எழுதினால் பொய். ஆனால் அவருடைய கடைசிச் சொல் தவறிவிட்டது. அப்படித் தவறியவருக்கு அவர் என்ன செய்வாரோ அதைச் செய்யக் கூடாது என்று நானே எழுதிக் கொடுத்து, நீங்களும் கொண்டுபோய்ச் சேர்த்துவிட்டீர்கள். ஜூலையில் இறங்குகிறேன். அவர் தலைமாட்டில் நானே உட்காரப் போகிறேன். பிந்திச் சொல்வது கேட்குமா என்று எனக்குத் தெரியாது. தெரியாமலே செய்யப் போகிறேன்.

இதில் ஒரு சிக்கல். எனக்கு அது தெரியாது. அரபிப் பகுதி புத்தகத்தில் கிடைக்கும். வாப்பா அதன்பிறகு தமிழில் சொல்வார், ‘கேக்குற ஆளுக்குப் புரிய வேணாமா’ என்பார். அதை நான் கேட்டதே இல்லை. சின்ன வயசிலிருந்து எத்தனையோ அடக்கத்துக்குப் போயிருக்கிறேன், எப்போதும் நாற்பதடி தள்ளித்தான் நின்றேன். உதடு அசைவது மட்டும் தெரியும். கேட்காத பேச்சைத்தான் வேண்டாம் என்றேன். இமாமுக்கு எழுதிக் கேட்டேன். ‘எனக்கும் தெரியாது, அது உங்க வாப்பா இலாகா. அவர் போனபின் இந்த ஊரில் சொல்வாரில்லை’ என்று பதில் வந்தது.

உங்களிடம் இதைச் சொல்லி என்ன பயன் என்று தெரியவில்லை. யாரிடமாவது சொல்ல வேண்டும் போலிருந்தது.

மகன்


ஜூலை 4
தனிமை வார்டு

தம்பி,

பயன் இருக்கிறது. என்னிடம் இருக்கிறது.

மதியத்தில் முணுமுணுக்கிறார் என்று உங்களுக்கு எழுதியிருந்தேன் அல்லவா. நோயாளி உளறினால் என்ன உளறினார் என்று எழுதிவைக்கச் சொல்வார் எங்கள் டாக்டர். நானும் குறிப்புத் தாளின் பின்பக்கம் எழுதிவைத்தேன். தினமும் ஒன்றையே சொன்னதால் மூன்று நாளில் முழுசும் வந்துவிட்டது. முன்னால் வரும் அரபி எனக்குப் புரியவில்லை, விட்டுவிட்டேன். தமிழ்ப் பகுதி முழுசும் இருக்கிறது. ‘பயப்படாதே. ரெண்டு பேர் வருவாங்க. அவங்களும் உன்னை மாதிரி அல்லாஹ்வோட படைப்புதான். அவசரப்படாதே, கேள்வியை முழுசாக் கேட்டுட்டுச் சொல்லு.’ இப்படிப் போகிறது. உங்கள் கடிதத்தைப் படித்த பிறகுதான் இது என்னவென்று எனக்கே தெரிந்தது.

தனித்தாளில் பெரிய எழுத்தில் எழுதியிருக்கிறேன், நீங்கள் எனக்கு எழுதி அனுப்பியது போலவே. விதிகளும் ஏதாவது இருந்தால் நீங்களே விசாரித்துக்கொள்ளுங்கள், எனக்குப் பாதி விதி எழுத இஷ்டமில்லை.

பாத்திரக்கடைக்காரரைப் பற்றி ஒன்று. அவர் கதையை வாப்பா எனக்குச் சொல்லியிருக்கிறார், நீங்கள் வந்து எழுப்பியதை மட்டும் சொல்லவில்லை. “ஒருத்தருக்குப் பாதியில நிறுத்திட்டேன் சிஸ்டர். அடுத்த நாள் காலையில தனியாப் போய் மீதியைச் சொல்லிட்டு வந்தேன். பாவம், ராத்திரி பூரா பாதிப் பதிலோட இருந்திருப்பாரு” என்றார். ஆகவே பிந்திச் சொல்வதும் அவருக்குச் சம்மதம்தான் என்று நினைக்கிறேன்.

வார்டு சிஸ்டர்


ஜூலை 30
ஊர்

அக்கா அவர்களுக்கு,

வந்து எட்டு நாள் ஆகிறது. உங்களைப் பார்க்க வார்டுக்கு வந்தேன். நீங்கள் லீவு என்றார்கள். வாப்பா இருந்திருந்தால் இதற்கே பத்து நாள் சிரித்திருப்பார். கூட இருந்த நர்ஸ் தொப்பியையும் கண்ணாடியையும் தஸ்பீஹையும் எடுத்துக் கொடுத்தார்.

நேற்று அஸர் தொழுகைக்குப் பிறகு மையவாடிக்குப் போனேன். தலைமாட்டில் உட்கார்ந்தேன். யாருமில்லை. புத்தகத்தைப் பார்த்து அரபியைச் சொன்னேன். பிறகு உங்கள் தாளைப் பிரித்தேன். படிக்கும்போது வெட்கமாக இருந்தது, பிறகு இல்லை. எளிமையான பேச்சு. குழந்தையைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பும்போது சொல்வது போல இருக்கிறது. இதை எதிர்த்தா நான் ஆறு வருஷம் மூஞ்சியைத் தூக்கிவைத்துக்கொண்டு திரிந்தேன் என்று நினைத்தேன். உரக்கத்தான் சொன்னேன், அவருக்குக் காது கேட்காது.

ஒன்று கேட்க வேண்டும். தல்கீனின் தொடக்கத்தில் இறந்தவரைப் பேர் சொல்லிக் கூப்பிட வேண்டும், அவருடைய தாயின் பேரையும் சேர்த்து. இன்னாளின் மகனே என்று. அந்த இடத்தைக் காலியாக விட்டிருப்பீர்கள், நான் நிரப்பிக்கொள்ளலாம் என்றுதான் எடுத்துப் பிரித்தேன். நீங்கள் பேர் எழுதியிருக்கிறீர்கள். வாப்பாவின் பேர். அதற்குப் பக்கத்தில் என் வாப்பாவைப் பெற்றவளின் பேர். அவள் இறந்து ஐம்பது வருஷம் ஆகிறது. நான் யாருக்கும் சொன்னதில்லை, உங்கள் ஆஸ்பத்திரிக் காகிதம் எதிலும் இருக்காது.

அவரே சொல்லித்தான் நீங்கள் எழுதியிருக்க வேண்டும். அப்படியென்றால் அவர் கூப்பிட்டது தன்னைத்தான்.

காய்ச்சல் வேகத்தில் ஊரில் இறந்துபோன எல்லா மய்யித்தையும் வரிசையாகக் கூப்பிட்டிருப்பார், அதில் தன் பேரும் வந்திருக்கும் என்று நினைத்துக்கொள்கிறேன். அப்படித்தானே? அந்த நாட்களில் அவருக்குக் காய்ச்சல் எவ்வளவு இருந்தது என்று பார்த்து எழுத முடியுமா? காய்ச்சல் இருந்தது என்று நீங்கள் எழுதினால் எனக்கு நல்லது. இல்லையென்றால் இல்லை என்றே எழுதுங்கள்.

உங்கள் தம்பி


ஆகஸ்ட் 8
தனிமை வார்டு

தம்பி,

பழைய குறிப்புகளைப் பதிவறையிலிருந்து எடுத்து வரச் சொல்லிப் பார்த்தேன். பிற்பகல் இரண்டு மணிக் கணக்கு இது. மார்ச் 10: 98.4. 11: 98.6. 12: 98.2. 13: 98.4. இப்படியே 22ஆம் தேதி வரை, பதின்மூன்று நாளும். ஒரு நாள்கூட நூறைத் தொடவில்லை. காய்ச்சல் பேச்சு என்று நான் உங்களுக்கு எழுதியது, தாளின் முன்பக்கத்தைப் பார்க்காமல் எழுதியது. இது என் இரண்டாவது தப்பு.

வேறு யாருடைய பேரையும் அவர் கூப்பிடவில்லை. பதின்மூன்று நாளும் அந்த இரண்டு பேர்தான்.

உங்கள் சீட்டை நான் படித்துக் காட்டியது 9ஆம் தேதி. முணுமுணுப்பு 10ஆம் தேதி தொடங்கியது. அன்றைக்கு, “யார்கூடப் பேசிக்கிட்டு இருக்கீங்க?” என்று கேட்டேன். அவர் சொன்ன பதிலைத் தாளின் பின்பக்கம் எழுதிவைத்திருக்கிறேன். உளறல் என்பதற்குச் சாட்சியாகத்தான் எழுதினேன்: “சொல்றதுக்கு ஆள் வராத மய்யித்து ஒண்ணு இருக்கு சிஸ்டர். அதுக்கு இப்பவே சொல்லிவச்சுடுறேன்.” கோபமாகச் சொல்லவில்லை. ரசம் ஆறிவிட்டது என்று சொல்கிற குரலில்தான் சொன்னார்.

அவர் உங்கள் சொல்லைத் தட்டவில்லை தம்பி. சீட்டில் ஒரு வரியை இரண்டாம் தடவை படிக்கச் சொன்னார் என்று எழுதியிருந்தேன், எந்த வரி என்று எழுதவில்லை. ‘உயிர் இருக்கும்போது சொல்லித்தருவதற்கு ஆதாரம் இருக்கிறது’ என்ற வரி.

அக்கா